இரண்டு படங்களுக்கு நடுவில் ஒரு தறி

1

உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை முறுக்கு வாங்கப் போன இடத்தில் கிடைத்தது. ஆட்டையாம்பட்டியில், கடைக்குப் பக்கத்துத் தறிப்பட்டறைக்குள் எட்டிப் பார்த்தேன். எதிரெதிர்ச் சுவர்களில் இரண்டு படங்கள். கணினி உலகத்தின் இரண்டு பெரிய வெளிநாட்டுத் தலைகள், ஒருவரையொருவர் முறைத்தபடி. நடுவில் ஒரு பெண், கையில் திருப்புளி.

"ரெண்டு பேருக்கும் ஆவாதுங்களே, ஒரே எடத்துல மாட்டியிருக்கீங்க?" என்றேன்.

"அதனாலதானுங்க மாட்டியிருக்கேன். வேல ஓடலைன்னா இவரப் பாப்பேன். தலைக்கனம் வந்துச்சுன்னா அவரப் பாப்பேன்."

பெயரைக் கேட்க மறந்துவிட்டேன். தனப்பிரியா என்று வைத்துக்கொள்வோம். முறுக்குப் பொட்டலத்தோடு சேலம் ஃபேர்லேண்ட்ஸில் இருக்கும் என் வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தேன். (முறுக்கு தீர்ந்தது. கதை வரவில்லை.)

2

"பொன்னிறக் கதிர்கள் ஆட்டையாம்பட்டியைத் தழுவிய அந்த இனிய காலையில், தனப்பிரியா தன் கனவுகளின்

வேண்டாம். தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூல் அறுந்ததும் தறியைத் தானாக நிறுத்தும் பெட்டி ஒன்றைச் செய்துகொண்டிருப்பவள் அவள். கதிரைப் பார்க்க அவளுக்கு எங்கே நேரம்?

"மனித வரலாற்றில் போட்டி என்பது

இது கல்லூரி ஆண்டு மலருக்கு ஆகும்.

படத்தில் இருக்கும் பெரிய மனிதர்களை ஆட்டையாம்பட்டிக்கு வரவழைப்பது என்னால் ஆகிற காரியமல்ல. ஆகவே இருவரை நானே உண்டாக்கினேன். சேலத்தில் அர்த்தநாரி. தறிகளுக்கு மின்னணுக் கருவி செய்வதை இந்தப் பக்கம் தொடங்கிவைத்தவர். அவர் மூடிய பெட்டியை யாராலும் திறக்க முடியாது. திருச்செங்கோட்டில் சௌந்திரம் என்ற அம்மாள். அவரும் தொடங்கிவைத்தவர்தான்.* அவருடைய பெட்டியை ஒரு திருப்புளி இருந்தால் யார் வேண்டுமானாலும் திறக்கலாம். இருவருக்கும் பேச்சுவார்த்தை நின்று பல வருஷமாகிறது.

* யார் முதல் என்று என்னைக் கேட்காதீர்கள். இரண்டு ஊரிலும் எனக்குச் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள்.

3

இந்த இருவருடைய பெட்டிகளையும் பார்த்துக் கற்றுத்தான் தனப்பிரியா தன் பெட்டியைச் செய்தாள். மறைப்பானேன் என்று, பெட்டியின் வெள்ளோட்டத்துக்கு இருவரையும் அழைத்துவிட்டாள். மற்றவர் வரமாட்டார் என்று நம்பி இருவரும் வருவதாகச் சொல்லிவிட்டார்கள். வந்த இடத்தில் "இது என்னுடையது, திருடிவிட்டாள்" என்று ஒரு வார்த்தை விழுந்தால் போதும். அப்புறம் அந்தப் பெட்டியை ஒரு தறிக்காரரும் தொடமாட்டார்.

எனக்கு வேறு சிக்கல். எங்கள் பக்கம், முன்னால் வந்தவர் பின்னால் வருகிறவரை "வாங்க" என்று கேட்டாக வேண்டும், பகையாளியே ஆனாலும். வந்தவர் கேட்டவரைப் பார்த்து "வந்தனுங்க" என்பார். கேட்காவிட்டால் ஆயுசுக்கும் சொல்லிக்காட்டுவார்கள். அப்படியானால் யாரை முதலில் வரவைப்பது? நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அர்த்தநாரி வந்துவிட்டார். பின்னாலேயே சௌந்திரம் வாசலில் செருப்பைக் கழற்றினார்.

அர்த்தநாரி "வாங்க" கேட்கவில்லை. தனப்பிரியாவின் கையிலிருந்த திருப்புளியை வாங்கிக்கொண்டு, தறியோரம் குனிந்து, பெட்டியைத் திறக்க ஆரம்பித்தார். (இதை நான் எழுதவில்லை. அவராகச் செய்தது.)

"அம்மிணி, உள்ள இருக்கற வேல சௌந்திரத்தோடது. திருகாணி வெச்ச எடத்தப் பாத்தாலே தெரியுது."

தனப்பிரியா வாசலில் நின்ற சௌந்திரத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

"மூடி அவரோடது," என்றார் சௌந்திரம் பின்னாலிருந்து, தனப்பிரியாவிடம். "அந்த ரப்பர் பட்டையப் பாரு சாமி. பஞ்சு உள்ள போகாம இருக்க அவரு கண்டுபுடிச்சது. இல்லைன்னு சொல்லச் சொல்லு பாக்கலாம்!"

கவனித்தீர்களா? இருவர் கண்ணிலும் தம்முடையது படவில்லை.

"உங்களுக்கு எப்படீங்க தெரியும்?" என்றாள் தனப்பிரியா.

"என்ற ஊட்டுல அந்தம்மா பெட்டி எல்லாம் பிரிச்சுக் கெடக்குது," என்ற அர்த்தநாரி நாக்கைக் கடித்துக்கொண்டார்.

சௌந்திரத்துக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "அவரு பெட்டியத் தொறக்கறதுக்கு நான் ரம்பமே வாங்குனனுங்க!"

எனக்கு அவர்கள் இருவரையும் பிடித்துப்போனது அப்போதுதான். (நாமக்கல்லில் எனக்கும் இப்படி ஒரு பகையாளி இருக்கிறார், எழுத்தாளர். அவர் புத்தகங்கள் அத்தனையும் என் அலமாரியில், கோடு போட்டபடி. நேரில் பார்த்தால் ரோட்டைத் தாண்டிவிடுவேன்.)

"அப்ப நான் திருடுனதா ஆவாதுங்களா?" என்றாள் தனப்பிரியா.

"ஆவும்னா, உனக்கு முன்னால நாங்க ரெண்டு பேரும் ஜெயிலுக்குப் போகோணும் சாமி," என்றார் சௌந்திரம்.

அர்த்தநாரி பெட்டியின் மூடியைத் திரும்ப மாட்டினார். தறியை ஓட்டச் சொன்னார். ஓடும்போதே பாவில் ஓர் இழையை அறுத்தார். தறி நின்றது. சிவப்பு விளக்கு எரிந்தது. தனப்பிரியா அழுதுகொண்டே சிரித்தாள். எனக்கும் கைதட்டத் தோன்றியது.

4

முடிவு அ: இருவரும் கைகுலுக்கிக் கூட்டுக் கம்பெனி தொடங்குகிறார்கள். (நடக்காது. அர்த்தநாரியை உண்டாக்கியவன் நான்.)

முடிவு ஆ: தனப்பிரியா சுவரில் இவர்கள் படங்களை மாட்டுகிறாள். (எந்தச் சுவர் யாருக்கு என்று புதுச் சண்டை.)

முடிவு இ: சௌந்திரம் அர்த்தநாரியைப் பார்த்து

இல்லை, பார்க்கவில்லை. ஒரே பெஞ்சின் இரண்டு கோடியில் உட்கார்ந்திருக்கிறார்கள். நடுவில் முறுக்குத் தட்டு. தறியும் நின்றுவிட்டதால் சத்தத்துக்குப் பின்னால் ஒளியவும் வழியில்லை. கேட்காமல் விட்ட அந்த "வாங்க" இன்னும் அப்படியே நிற்கிறது. என்னால் அதை எழுத முடியவில்லை. இப்போது வாசலுக்குப் புதிதாக ஓர் ஆள் வந்தால்தான் உண்டு.

அதனால் உங்களைக் கூப்பிடுகிறேன். செருப்பை விட்டுவிட்டு உள்ளே வாருங்கள். வழக்கப்படி இருவரும் நிமிர்ந்து உங்களைப் பார்ப்பார்கள். இருவரும் ஒரே நேரத்தில், ஒரே குரலாக, "வாங்க" என்பார்கள். சொன்ன பிறகுதான் சேர்ந்து சொன்னது அவர்களுக்கே தெரியும்.

தனப்பிரியா முறுக்குத் தட்டைக் காட்டுகிறாள். தட்டுக்குப் பக்கத்தில் ஒருவர் உட்கார இடமிருக்கிறது. யாரைப் பார்த்து "வந்தனுங்க" என்று சொல்லப்போகிறீர்கள்?