வெல்ல மாங்காய்த் தொக்கு

மஹிமாவுக்கு வயிறு எரிந்தது. ஓரகத்தி அனுபமா கிளறிய வெல்ல மாங்காய்த் தொக்கைத்தான் வீடே கொண்டாடியது. தோசைக்கு அது, தயிர்சாதத்துக்கு அது, கத்திரிக்காய்க் குழம்பில்கூட அதில் ஒரு கரண்டி. மஹிமா போட்ட தொக்கோ ஜாடியிலேயே பூஞ்சை பிடித்துக் கிடந்தது.

ஜைன வழக்கப்படி பொழுது சாயுமுன் சாப்பிட வேண்டுமென்று ஆரணி பஜாரில் பட்டுக்கடையைப் பாதியில் விட்டு வந்த அவள் கணவனும் மறுபடி தொக்கு கேட்டான். அதற்குமேல் அவளால் பொறுக்க முடியவில்லை.

"அத்தை, இதுல இஞ்சி இருக்குதுங்க. மண்ணுக்குள்ள விளையறத நம்ம ஜைன வீட்ல தொடுவாங்களா? வாயில வெச்சதுமே எனக்குத் தெரிஞ்சிடுச்சு."

"சுக்குதான் அக்கா. காஞ்சது நமக்கு ஆகும்ல," என்றாள் அனுபமா.

மாமியார் மஹிமாவின் பளபளத்த தட்டைப் பார்த்தாள்.

"வாயில வெச்சதுமே தெரிஞ்சவ, இவ்ளோ நேரம் எதுக்கும்மா வழிச்சி வழிச்சி சாப்ட்டுகினு இருந்தே?"