எர்த் கம்பி

அண்ணனை வேலையிடத்தில் எல்லோரும் 'ஃபியூஸ்' என்றுதான் கூப்பிடுவார்கள். எதற்கெடுத்தாலும் முதலில் ஃபியூஸைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்கிற லைன்மேன் அவன். கம்பத்தில் ஏறும் முன் லைனை நிறுத்தச் சொல்வான். நிறுத்திய பிறகும் நம்பமாட்டான். நீளக் கழியில் கட்டிய எர்த் கம்பியை லைனில் மாட்டி, மிச்சம் மீதி இருக்கிற மின்சாரத்தையும் மண்ணுக்குள் இறக்கிவிட்டுத்தான் கை வைப்பான். ஒரு முறை அவன் கண்ணெதிரே ஒருவன் லைனோடு ஒட்டிக்கொண்டான். இழுக்கப் போனவனும் ஒட்டிக்கொண்டான். இரண்டு பேரையும் ஒரே வண்டியில் தூக்கிப் போட்டது அண்ணன்தான்.

அதிலிருந்து தங்கை வீட்டிலும் பாடம். சாப்பிட உட்காரும்போது தங்கையைப் பார்த்துத் திடீரென்று கேட்பான்.

“மாப்பிள்ளைக்கு ஷாக் அடிச்சிருச்சு. என்ன பண்ணுவே?”

“மெயினை ஆஃப் பண்ணுவேன்.”

“ஓடிப்போய் தொடுவியா?”

“தொடமாட்டேன்.”

“தொட்டாத்தான் என்ன மச்சான்?” என்பார் அவள் கணவர். அவர் பெயிண்டர். நகக்கண்ணில் எப்போதும் ஏதாவது ஒரு நிறம் இருக்கும். “சும்மாவே தொடமாட்டேங்குறா. நீங்க வேற சொல்லிக் குடுக்கறீங்க.”

அண்ணன் சிரிக்கமாட்டான். பதில் முழுதாக வரும்வரை சோற்றில் கை வைக்கவும் விடமாட்டான்.

அன்று மத்தியானம் கணவர் மொட்டைமாடிச் சுவருக்கு இரண்டாவது பூச்சு அடித்துக்கொண்டிருந்தார். வானம் கறுத்திருந்தது. மழைக்கு முன்னால் முடித்துவிடலாம் என்று கையை வேகமாக ஓட்டினார். அவள் துணி எடுக்க ஏறினாள். பின்னாலேயே அண்ணன், மிச்சப் பெயிண்டைக் கீழே இறக்க.

மாடிப்படியின் கூரையைத் தாண்டி அவள் இன்னும் கால் வைக்கவில்லை. அதற்குள் மின்னல் இறங்கி எல்லாம் வெள்ளையாகிப் போனது. காது அடைத்துக்கொண்டது. பார்வை திரும்பியபோது கணவர் மல்லாந்து கிடந்தார். ஒரு செருப்பு கிழிந்து தூரத்தில் கிடந்தது. சட்டை பொத்தான் பொத்தானாகத் தெறித்துத் திறந்திருந்தது. மார்பின் மேல், இரும்பு இலையைக் காய்ச்சிப் பதித்தது போல, செடி செடியாகச் சிவப்புக் கோடுகள்.

அவள் ஓடினாள். அண்ணன் அவள் கொண்டையைப் பிடித்து இழுத்தான்.

“தொடாதே. உடம்புக்குள்ள கரண்ட்டு இன்னும் நிக்குது. கீழ போய் மெயினை இறக்கு.”

அவள் இறங்கினாள். மெயினை இறக்கினாள். ஃபியூஸையும் பிடுங்கினாள். அவ்வளவு நன்றாகச் சொல்லிக்கொடுத்திருந்தான்.

திரும்பி வந்தபோது அண்ணன் துணி காயப்போடும் கம்பியை அவிழ்த்துக்கொண்டிருந்தான். ஒரு முனையை மண்ணுக்குப் போகும் இரும்புக் குழாயில் சுற்றினான். சத்தம் கேட்டு ஏறி வந்த கீழ்வீட்டுத் தையல்காரர் கணவரிடம் போகப் பார்த்தார். துணிக்கம்பிக்கு முட்டுக் கொடுத்திருந்த கழியை அண்ணன் ஓங்கினான்.

“கிட்ட போனீங்க, நீங்களும் பக்கத்துல படுத்துக்க வேண்டியதுதான்.”

“மூச்சு வர்ற மாதிரி தெரியலையேப்பா.”

“லைன் கிளியர் ஆகட்டும் சார். பார்த்துக்கலாம்.”

கம்பியின் மறு முனையைக் கழியால் தள்ளிக் கணவரின் மார்பில் கிடத்தினான். கை நடுங்கவில்லை. கம்பத்தின் மேல் செய்கிற அதே நிதானம்.

அவள் தள்ளி நின்றே பார்த்தாள். அவர் வாய் திறந்திருந்தது. நெஞ்சு ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. ஆனால் தாடைக்குக் கீழே ஒரு இடம் துடித்துக்கொண்டிருந்தது.

“அண்ணே, கழுத்துல துடிக்குது.”

“அது கரண்ட்டு. இறங்குற வரைக்கும் துடிக்கத்தான் செய்யும்.”

மூன்று பேரும் காத்திருந்தார்கள். தூறல் போட்டது. கவிழ்ந்த டப்பாவிலிருந்து பெயிண்ட் மெதுவாக ஓடி அவர் கைக்கு அடியில் போய்த் தேங்கியது. உதடு நீலம் பாய்ந்தது. கழுத்தில் துடிப்பு விட்டு விட்டு வந்தது.

“பார்த்தியா, இறங்குது,” என்றான் அண்ணன்.

துடிப்பு நின்றது. அதன்பிறகுதான் கழியைக் கீழே போட்டான்.

தையல்காரர் கூப்பிட்டிருந்த ஆம்புலன்ஸ் ஆட்கள் நெஞ்சை அமுக்கி, மூச்சு ஊதி, அவரைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். கொண்டுவந்தது அவரை அல்ல, அவர் உடம்பை என்பது தெரியச் சில நாள் ஆனது.

மார்பிலிருந்த செடிகள் மறுநாளே மறைந்துவிட்டன. ஒரு காதில் ஜவ்வு கிழிந்திருந்தது. டாக்டர் சின்ன வயதுப் பெண். வார்டு வாசலில் நின்று பொறுமையாகச் சொன்னார்.

“மின்னல் பண்ணினது இவ்வளவுதாம்மா. மத்ததெல்லாம் மூச்சில்லாம கிடந்ததுல வந்தது. மின்னல் பட்டா நிறைய பேருக்கு இதயம் நின்னுட்டுத் தானாவே திரும்ப ஓடும். மூச்சுதான் லேட்டாகும். அதுவரைக்கும் யாராவது வாயில ஊதிக்கிட்டிருந்தா பொழைச்சுக்குவாங்க. பக்கத்துல யாரும் இல்லையா?”

“உடம்புல கரண்ட்டு நிக்குமா டாக்டர்?” என்று கேட்டாள்.

டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “தண்ணியா அது, தேங்கி நிக்க? வந்த வேகத்துல போயிடும். உடனே தொடலாம்.”

இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. கணவர் கட்டிலோடு கிடந்தார். யாரைப் பார்த்தாலும் சிரித்தார், அவளைப் பார்த்தும். கனத்த உடம்பு. தூக்கிக் கழுவ, புரட்ட, துணி மாற்ற அண்ணன் ஒருவன்தான் காலையும் மாலையும் வந்தான். சொல்லிவிட்டால் அவன் வராமல் போய்விடலாம். அந்தக் கைகள் இல்லாமல் ஆகாது. வாயை மூடிக்கொண்டாள்.

அண்ணன் மூடவில்லை. பார்க்க வருகிறவர்களுக்கெல்லாம் கட்டில் பக்கத்தில் நின்று கதை சொன்னான். “நான் மட்டும் இல்லைன்னா ரெண்டு உசுரு போயிருக்கும்.” தெருவே தலையாட்டியது. அவள் டீ போட்டுக் கொடுத்தாள்.

ஒரு மாலை அவனுடைய சூப்பர்வைசர் பழப்பையோடு வந்தார். புதிதாக லைன்மேன் வேலைக்கு எடுத்த பையன்களுக்கு வகுப்பாம்.

“நம்ம ஃபியூஸ்தான் பாடம் எடுக்கப் போறான்மா. மின்னல் அடிச்ச உடம்பைக்கூட எர்த் பண்ணிட்டுத்தான் தொட்டான்னு சொன்னா, பசங்க சாகுற வரைக்கும் மறக்க மாட்டாங்க.”

அண்ணன் முகம் மலர்ந்தது. “நீயே சொல்லும்மா. அன்னிக்கு உன்னைப் பிடிச்சு நிறுத்தினது யாரு?”

“நீதான்,” என்றாள் அவள். டம்ளரைக் கீழே வைத்தாள். பிறகு டாக்டர் சொன்னதை, அவர் சொன்ன வரிசையிலேயே, பாடம் ஒப்பிப்பது போலச் சொன்னாள். இதயம். மூச்சு. உடனே தொடலாம். குரல் ஏறவில்லை.

சூப்பர்வைசர் பழங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இதை ஏன் அன்னிக்கே சொல்லலை?” என்றான் அண்ணன்.

“டாக்டர் சொன்னது அப்புறம். நான் அன்னிக்கே சொன்னேன், கழுத்துல துடிக்குதுன்னு.”

சூப்பர்வைசர் எழுந்தார். “விடுப்பா. வகுப்புல மின்னல் கதை வேண்டாம். லைன் ஷாக்கை மட்டும் சொல்லு,” என்று செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

அண்ணன் சுவரில் சாய்ந்து வாயைப் பொத்தி அழுதான். கட்டிலில் கணவர் துணியை நனைத்திருந்தார். அவள் கால்மாட்டுக்குப் போனாள்.

“தலைப்பக்கம் பிடிண்ணே.”

“என்னால முடியாதும்மா. நான் எப்படி இவரை...”

“வேற யாரு இருக்கா?”

அவன் வந்தான். தோளுக்கடியில் கை கொடுத்துத் தூக்கினான். கம்பத்தின் மேல் நடுங்காத கைகள் இப்போது நடுங்கின. அந்த நடுக்கத்தில் கணவரின் தலை ஆடியது. விளையாட்டு என்று நினைத்தாரோ என்னவோ, அண்ணனின் முகத்தைப் பார்த்துச் சிரித்தார்.

“சீக்கிரம் மாத்தும்மா,” என்றான் அண்ணன்.

அவள் ஈரத் துணியை உருவினாள். அவசரப்படவில்லை. மூலைக்கு மூலை வைத்து மடித்தாள். பிறகு காய்ந்த துணியை எடுத்து, பிரித்து, ஒரு முறை உதறினாள்.