புள்ளியியல் மறுதேர்வு

மதியம் ஒன்று நாற்பதுக்கு பெட்ரீசியா மாமனாரின் வயிற்றில் இன்சுலின் ஊசி போட்டாள்.

கேப்ரியல் சட்டையை இறக்கிவிட்டுக்கொண்டார். எழுபத்திரண்டு வயது. முன்கூடத்தில் தொலைக்காட்சிக்கு எதிரே கிடந்த பிளாஸ்டிக் நாற்காலி அவருடையது. தொலைக்காட்சி அணைந்திருந்தது. அவள்தான் அணைத்தாள்.

“ரெண்டுலேருந்து நாலு வரைக்கும் மாமா. டிவி வேணாம். கதவத் தட்டாதீங்க. என் போன் அடிச்சாலும் விட்டுருங்க.”

“இருமலாமா?”

“மாமா.”

“கேட்டு வச்சிக்கிறேன் லா. பெறகு என் இருமல்னாலதான் நீ பெயிலுன்னு ரோய்ஸ்டன் என்னைய ஏசுவான்.”

“இருமலாம். மெதுவா இருமுங்க.”

“நாப்பது வயசுல பரிச்ச. எங்க தோட்டத்துல இந்த வயசுக்கு மருமக எடுத்துருவாளுங்க.” அவர் தன் பேச்சுக்குத் தானே சிரித்தார். “போ போ. எனக்கும் ஒரு கேள்வித்தாள் வாங்கிட்டு வா.”

ரோய்ஸ்டன் அவர் மகன். ஹுத்தான் மெலிந்தாங் மீன்துறையிலிருந்து மீன் ஏற்றி வரும் லாரி ஓட்டுகிறான். சனிக்கிழமைகளில் ஆறு மணிக்கு முன் வீடு திரும்பமாட்டான்.

அவள் ஊசிமுனையைக் கழற்றி டப்பாவில் போட்டாள். கைப்பேசியைத் தொலைக்காட்சிக்கு மேல் வைத்தாள். சமையலறைக்குள் போனபோது மேசையிலிருந்த மடிக்கணினி மணியடித்தது. அடையாளச் சோதனை பத்து நிமிடம் முன்னதாகவே தொடங்கியிருந்தது. கதவைச் சாத்தித் தாழிட்டு உட்கார்ந்தாள்.

புந்தோங்கில் இரண்டு அறை வீடு. மேசை போட இடம் சமையலறையில் மட்டும்தான். அடையாள அட்டையைக் கேமராவுக்குக் காட்டினாள். கணினியைத் தூக்கி அறையைச் சுற்றிக் காட்டச் சொன்னார்கள். அடுப்பு, பாத்திரம் கழுவும் தொட்டி, குளிர்பெட்டி, தாழிட்ட கதவு, மேசைக்குக் கீழே. காட்டினாள். விதிகள் திரையில் வந்தன. அறையில் வேறு யாரும் இருக்கக் கூடாது. இடத்தை விட்டு எழக் கூடாது. பேசக் கூடாது. மூன்று எச்சரிக்கைகளில் தேர்வு மூடப்படும். ஒவ்வொன்றுக்கும் எதிரே இருந்த கட்டத்தை அழுத்தினாள்.

இரண்டு மணிக்குத் தேர்வு தொடங்கியது.

தாதிமை முதுகலைப் படிப்பில் சேர அவளுக்கு மூன்று ஆண்டு ஆயிற்று. இளங்கலைப் பட்டம் வேண்டும், பதிவுச் சான்று வேண்டும், அந்த ஆண்டின் பணி உரிமம் வேண்டும், வார்டில் இரண்டு ஆண்டு அனுபவம் வேண்டும். அவளுக்குப் பதினாறு ஆண்டு அனுபவம் இருந்தது. இரண்டு பரிந்துரைக் கடிதங்களில் ஒன்று மேலதிகாரியுடையதாக இருக்க வேண்டும். அந்தக் கடிதத்தை மேட்ரன் ஏழு மாதம் மேசையில் வைத்திருந்தார். நல்ல தாதி போய்விட்டால் வார்டை யார் பார்ப்பது என்று அவளிடமே கேட்டார்.

சேர்ந்த பிறகு இன்னொரு பட்டியல். கட்டாயப் பாடம் ஒவ்வொன்றிலும் பி எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் ஒரே ஒரு முறை திரும்ப எழுதலாம். அதிலும் குறைந்தால் பெயர் நீக்கப்படும். நீக்கப்பட்டவர் அதே படிப்புக்கு மறுபடி விண்ணப்பிக்க முடியாது. மற்ற ஐந்து பாடங்களிலும் அவள் பி-க்கு மேல். புள்ளியியலில் சி பிளஸ். மூன்று இரவு வேலை முடித்து நேராக வந்து எழுதிய தேர்வு அது.

இன்று எழுதுவது இரண்டாவது.

நோயாளிகளைத் தூக்கித் தூக்கி அவள் இடுப்பெலும்புக்கு மேல் முதுகுத்தண்டில் ஒரு வட்டு நகர்ந்திருந்தது. ஸ்கேன் பார்த்த மருத்துவர் இனிமேல் பளு தூக்காதே என்றார். அவளுக்குச் சிரிப்பு வந்தது. தாதியர் கல்லூரியில் பாடம் சொல்லித்தரும் வேலை ஒன்று காலியாகப் போகிறது. அதற்கு முதுகலை வேண்டும். அது இல்லையென்றால் ஐந்தாவது வார்டு. இன்னும் பதினைந்து ஆண்டு.

இரண்டு ஐந்துக்குக் கூடத்தில் செருப்புச் சத்தம் கேட்டது. கதவுவரை வந்து நின்றது. அவள் விரல்கள் விசைகளின் மேல் நின்றன. தட்டாதீங்க மாமா. செருப்பு திரும்பிப் போனது. நாற்காலி முனகியது. நல்ல மனுஷன், என்று நினைத்துக்கொண்டாள்.

எட்டுக் கேள்விகள். முதலாவது எளிது. இரண்டாவதில் யோசிக்கும்போது கூரையைப் பார்த்தாள். திரையில் மஞ்சள் பட்டை வந்தது. பார்வை திரையை விட்டு விலகியது, எச்சரிக்கை ஒன்று. அதற்குப் பின் கூரையைப் பார்க்கவில்லை. மூன்றாவதில் பெருக்க வேண்டியிருந்தது. அவள் கோப்பெங் பக்கத் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் வாய்ப்பாடு படித்தவள். இன்றும் தமிழில்தான் பெருக்குவாள், அதுவும் உதடு அசைத்து. ஏழெட்டு ஐம்பத்தாறு. மஞ்சள் பட்டை. குரல் கேட்டது, எச்சரிக்கை இரண்டு.

உதட்டைப் பல்லால் பிடித்துக்கொண்டு நான்காவதை எழுதினாள்.

இரண்டு நாற்பத்து நான்குக்குத் திரையில் வேறு செய்தி வந்தது. முகம் சட்டத்துக்குள் இல்லை, சரியாக உட்காரவும். திரையின் மூலையில் சிறு கட்டத்தில் அவள் முகம் தெரிந்தது. நிமிர்ந்து, தோளைச் சரிசெய்து, கட்டத்தைப் பார்த்தாள். தோளுக்குப் பின்னால் அடுப்பு. அடுப்புக்குப் பக்கத்தில் நீலத் தட்டு. அதன் மேல் கவிழ்த்த இன்னொரு தட்டு.

மாமாவின் சோறு.

அதை எடுக்கத்தான் உள்ளே வந்தாள்.

அறையைச் சுற்றிக் காட்டியபோது அந்தத் தட்டையும் கேமராவுக்குக் காட்டியிருக்கிறாள். பார்க்கவில்லை.

ஒன்று நாற்பது. பதினான்கு யூனிட். காலையில் சர்க்கரை ஐந்து புள்ளி எட்டு, அப்போதே அதிகமில்லை. இட்லி இரண்டு, எட்டு மணிக்கு. அதற்குப் பின் ஒன்றுமில்லை. கூடத்தில் தின்ன எதுவும் கிடையாது. அவர் திருடித் தின்கிறார் என்று பிஸ்கட் டின்னைச் சமையலறைக்குள் கொண்டுவந்து வைத்தவளே அவள்தான். ஒரு பயிற்சித் தாதி இப்படிச் செய்திருந்தால் பெட்ரீசியா அறிக்கை எழுதியிருப்பாள்.

செருப்பு கதவுவரை வந்தது சோறு கேட்க.

கை உயர்த்தும் பொத்தான் ஒன்று இருந்தது. அதை அழுத்தினாள். காத்திருக்கவும் என்று வந்தது.

அப்போது வெளிவாசலில் மோட்டார் சைக்கிள் நின்றது. பக்கத்து வீட்டுத் துளசியின் குரல்.

“தாத்தா! அக்கா இல்லியா? அடுப்பு கேஸ் தோங் முடிஞ்சிருச்சி, அந்தக் கடக்காரன் நம்பர் வேணும்.”

“ஷ்ஷ். மெதுவாப் பேசு. மருமக பரிச்ச எழுதுது.”

“இன்னிக்கா? நீங்க என்னா, காவலா?”

“ஆமா லா. ஜாகா வேல பாத்தவன்தானே நானு. பாஸ் இல்லாம யாரும் உள்ள போவ முடியாது.”

“சாப்ட்டாச்சா தாத்தா?”

பெட்ரீசியா மூச்சை நிறுத்தினாள்.

“அதெல்லாம் ஆவும். நீ கெளம்பு. வண்டிய இங்க ஸ்டார்ட் பண்ணாத, தள்ளிட்டுப் போயி அங்குட்டுப் பண்ணு.”

“ஐயோ, ரொம்பத்தான்.”

ஒரு வார்த்தை போதும். துளசி, மாமாவுக்கு ஏதாச்சும் குடு. நான்கு வார்த்தை. மூன்றாவது எச்சரிக்கை. அவள் வாயைத் திறந்தாள். அவர் குரலைக் காது கொடுத்துக் கேட்டிருந்தாள். வார்த்தை தெளிவாக வருகிறது. கேலி செய்கிறார். துளசிக்குப் பதில் சரியாகச் சொல்கிறார். வார்டில் என்றால் ‘உணர்வுடன் இருக்கிறார், பேச்சு தெளிவு’ என்று எழுதுவாள். இன்னும் நேரமிருக்கிறது.

வாயை மூடினாள். மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகும் சத்தம் கேட்டது. தெருமுனையில் அது கிளம்பியது.

ஐந்தாவது கேள்வி. மூன்று வார்டுகளில் ஆறு மாதத்தில் கட்டிலிலிருந்து விழுந்த நோயாளிகளின் எண்ணிக்கை. வேறுபாடு தற்செயலா என்று கணிக்கவும். கணித்தாள். கை பழகிய வேகத்தில் போனது. நன்றாகத்தான் எழுதுகிறோம் என்று தெரிந்தது. இந்த வேகத்தில் போனால் மூன்றரைக்கு முடித்துவிடலாம். தாராளமாகப் பி வரும்.

கூடத்தில் அவர் ஏதோ சொன்னார். யாரிடம் என்று புரியவில்லை.

“பெரட்டுக்கு ஆள் வந்துருச்சா?”

தொழிலாளர்களை விடியற்காலையில் பேர் கூப்பிட்டு நிறுத்தும் பெரட்டு. அவர் வேலை பார்த்த ரப்பர் தோட்டம் விற்கப்பட்டு இருபது ஆண்டு ஆகிறது.

“வாளி எங்க. நல்லம்மா. வாளிய எங்க வச்ச?”

நல்லம்மாள் அவர் மனைவி. இறந்து ஒன்பது ஆண்டு. குரல் குழறியது. கடைசி வார்த்தை பாதியில் நின்றது.

மணி மூன்று கடந்து மூன்று நிமிடம். பெட்ரீசியா தட்டச்சு செய்தாள். என் மாமனார் நீரிழிவு நோயாளி. சர்க்கரை இறங்கிக்கொண்டிருக்கிறது. அறைக்கு வெளியே இருக்கிறார். இரண்டு நிமிடம் வேண்டும்.

இம்முறை பதில் உடனே வந்தது. ஆங்கிலத்தில், பெயரில்லாமல். இடத்தை விட்டு எழுந்தால் தேர்வு மூடப்படும். இதுவரை எழுதியது மட்டும் மதிப்பிடப்படும். குடும்பத்தில் மருத்துவ அவசரநிலை என்றால் மூன்று வேலை நாட்களுக்குள் மனு செய்யலாம். மருத்துவமனையில் சேர்த்ததற்கான கடிதம் இணைக்க வேண்டும்.

நான்கு கேள்விக்கும் முழு மதிப்பெண், ஐந்தாவதுக்கும் முழு மதிப்பெண். கூட்டினாள். பி-க்கு மூன்று குறைந்தது.

மறுபடி தட்டச்சு செய்தாள். மருத்துவமனை தேவைப்படாது. சர்க்கரைத் தண்ணீர் போதும். நான் தாதி.

கடிதம் கட்டாயம், என்று வந்தது. பிறகு, புரிந்துகொள்கிறோம் என்றும் வந்தது.

அவள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சீனி மூன்று கரண்டி கொடுத்தால் பத்து நிமிடத்தில் நிமிர்ந்து உட்காருவார். கேலி பேசுவார். அவசரப் பிரிவுக்குக் கூட்டிப்போனாலும் சர்க்கரையைப் பார்த்துவிட்டுச் சோறு சாப்பிடச் சொல்லி வீட்டுக்கு அனுப்புவார்கள். கடிதம் கிடைக்காது. மயங்கிவிட்டால் ஆம்புலன்ஸ். வயதானவர், இன்சுலின் எடுப்பவர், நினைவு தப்பியவர். கண்டிப்பாகப் படுக்கை கொடுப்பார்கள். கடிதம் கொடுப்பார்கள். எத்தனை நிமிடத்தில் மயங்குவார் என்பதும் அவளுக்குத் தெரியும். எத்தனை நிமிடம் மயங்கிக் கிடந்தால் ஆபத்து என்பதும் தெரியும். அந்த இரண்டு எண்ணுக்கும் நடுவில் இடம் இருந்தது.

இதை அவள் நினைத்தாள். நினைத்ததை முழுசாகப் பார்த்தாள்.

அப்போதும் எழவில்லை. விரல்கள் ஆறாவது கேள்விக்கு விடை எழுதின. சின்னக் கேள்வி. விடை சரி. மூன்று மதிப்பெண் அதில் இருந்தது. ஆனால் விடையை அனுப்பும் பொத்தான் கணக்கின் படிகளைக் கேட்டது. படிகளை எழுத இன்னும் நான்கு நிமிடம் ஆகும். முதல் படியை எழுதினாள். இரண்டாவதை எழுதினாள்.

கூடத்தில் நாற்காலியின் கால் சிமெண்டுத் தரையில் இழுபட்டது. பிறகு சத்தம் இல்லை. இருமல் இல்லை.

பெட்ரீசியா எழுந்தாள்.

கணினியிலிருந்து ஏதோ மணி ஒலித்தது. அவள் திரும்பவில்லை. தம்ளரில் தண்ணீர், சீனி, கரண்டி. சீனி மேசையிலும் தரையிலும் கொட்டியது. தாழ்ப்பாள் முதலில் கைக்கு வழுக்கியது.

அவர் நாற்காலியில் ஒருபக்கமாகச் சரிந்திருந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. நெற்றி சில்லென்று இருந்தது. கண் பாதி திறந்திருந்தது, அவளைப் பார்க்கவில்லை.

“மாமா. முழுங்குங்க. மாமா, என்னையப் பாருங்க. முழுங்கணும்.”

முதல் வாய் மோவாய் வழியாக ஒழுகியது. இரண்டாவதில் தொண்டை அசைந்தது. அவள் தரையில் மண்டியிட்டு அவர் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். இடுப்பில் வலி பளிச்சென்று வெட்டியது. கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தாள். தம்ளர் காலியானது. இன்னொன்று கலந்தாள். போகும்போதும் வரும்போதும் திரையைப் பார்க்காமல் நடந்தாள். அடுப்புப் பக்கமிருந்து நீலத் தட்டையும் எடுத்துவந்தாள். சோற்றைப் பிசைந்து சிறு உருண்டைகளாக ஊட்டினாள். சோறு ஆறிப்போயிருந்தது.

தொலைக்காட்சியின் மேல் அவளுடைய கைப்பேசி அதிர்ந்தது. நின்றது. திரும்ப அதிர்ந்தது.

ஏழாவது உருண்டையில் அவர் தானே கையை நீட்டினார். தட்டு இருக்கும் இடம் கைக்குத் தெரிந்திருந்தது. அவள் தட்டை அவர் மடியில் வைத்தாள். அவர் மென்றார். சட்டையைத் தொட்டுப் பார்த்து, ஏன் நனைந்திருக்கிறது என்று யோசித்தார். அவளைப் பார்த்தார். அவளுக்குப் பின்னால் திறந்து கிடந்த சமையலறைக் கதவைப் பார்த்தார். சுவர்க் கடிகாரத்தை வெகுநேரம் பார்த்தார்.

முகம் மலர்ந்தது.

“இன்னும் மூணரை கூட ஆவுல. அதுக்குள்ள எல்லாத்தையும் எழுதிட்டியாம்மா?”