கூடவே வந்த மணிக்கூண்டு

கொத்தனார் பயிற்சிப் பள்ளி மாணவர்கள் பதினேழு பேர் வெளிநாட்டு நகரம் ஒன்றைச் சுற்றிப் பார்க்கப் போன முதல் நாளிலேயே, அந்த ஊர் மணிக்கூண்டு அவர்கள் பின்னால் கிளம்பி வந்தது. ஆறு மாடி உயரம், செங்கல் கட்டு, நாலு பக்கமும் கடிகாரம். காலை பத்து மணிக்குக் கிளம்பி மாலை நாலு மணி வரை வந்தது. வழியில் ஒரு பூந்தொட்டியும், யாரோ சாய்த்து வைத்திருந்த சைக்கிளின் பின்சக்கரமும் நசுங்கியது தவிர சேதம் எதுவும் இல்லை.

அந்தப் பதினேழு பேரில் மூத்தவருக்கு வயது நாற்பத்தாறு. வகுப்பில் மூச்சுக்கு ஒரு தடவை “ஒரு சந்தேகம் மாஸ்டர்” என்று கையைத் தூக்குவதால் அவர் பெயரே சந்தேகம் என்றாகிவிட்டது. சந்தேகப்பட அவருக்குக் காரணம் இருந்தது. எழுத்து தெரியாத காலத்தில், வருகைப் பதிவு என்று மேஸ்திரி நீட்டிய தாளில் கைநாட்டு வைத்தார். அது வீட்டை எழுதிக் கொடுத்த தாள் என்பது, வேறொருவன் புதுப் பூட்டோடு வாசலில் வந்து நின்றபோதுதான் தெரிந்தது. நாற்பது வயதில் எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றார். அன்றிலிருந்து பேருந்துச் சீட்டின் பின்பக்கத்தையும் வாசித்துவிட்டுத்தான் சட்டைப்பையில் வைப்பார்.

முதலில் காட்டிய இடம் சதுக்கத்து மணிக்கூண்டு. எல்லோரும் படம் எடுத்துக்கொண்டார்கள். இரண்டாவது ஆற்றுப் பாலம். பாலத்தின் அக்கரையில் அதே மணிக்கூண்டு நின்றது. மூன்றாவது அருங்காட்சியகம், அதன் கொல்லைப்புறத்திலும் நின்றது. வண்டிக்குள் முணுமுணுப்பு கிளம்பியது. வழிகாட்டியாக வந்த அம்மாளுக்குத் தாய்வழியில் இவர்கள் பேச்சு வரும் என்பதால், எதையும் உரக்கச் சொல்லவும் முடியவில்லை.

“பொம்பள நம்மள ஒரே எடத்தச் சுத்திச் சுத்திக் காட்டுது,” என்றார் சந்தேகம்.

“டீசல் மிச்சம் புடிக்குது அண்ணே. அடுத்து பாருங்க, அந்தக் கூண்டையே படுக்க வெச்சு இதுதான் ரயில் நிலையம்னு சொல்லும்,” என்றான் ரேடியோ. வாய் ஓயாததால் அவனுக்கு அந்தப் பெயர்.

நூலக வாசலிலும் கூண்டு நின்றது. சந்தேகம் அதன் அடிச்சுவரில் சுண்ணாம்புக்கட்டியால் ஒரு பெருக்கல் குறி போட்டுவிட்டு வந்தார். ஐந்தாவது இடமான துறைமுகத்தில் கூண்டின் அடியில் பெருக்கல் குறி இருந்தது. மோசடி கையும் களவுமாகப் பிடிபட்டதாகவே நினைத்தார்கள். ஆனால் வண்டியின் மீட்டரில் முப்பத்தொரு கிலோமீட்டர் ஓடியிருந்தது. மீட்டரையும் திருகி வைத்திருக்கிறார்கள் என்று முடிவு செய்தார் சந்தேகம்.

மதியச் சாப்பாட்டின்போது விஷயம் வெளியே வந்தது. ஏழு இடமும் காட்டப்பட்டது என்ற தாளில் மாணவர் சார்பாக ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். மூத்தவர் என்பதால் அது சந்தேகத்தின் வேலை. இந்த வருடம் அம்மாள் மேல் ஏற்கெனவே இரண்டு புகார்கள் இருந்தன. மூன்றாவது வந்தால் மறுநாளிலிருந்து வர வேண்டாம் என்று சுற்றுலா அலுவலகம் சொல்லியிருந்தது. கணவன் படுத்த படுக்கை, மருந்து இவள் சம்பளத்தில். அவள் இதை அழாமல்தான் சொன்னாள். சந்தேகம் தட்டைப் பார்த்தபடியே, “பாக்காத எடத்துக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேம்மா,” என்றார். அவள் ஜன்னல் வழியே மணிக்கூண்டை ஒரு முறை பார்த்துவிட்டுத் தாளை மடித்துப் பைக்குள் வைத்தாள். அதையும் அவர் குறித்து வைத்துக்கொண்டார்.

ஆறாவது இடத்துக்குப் போகும்போது ஓட்டுநருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். திருப்பங்களை எண்ணினார், கடைப் பலகைகளைப் பார்த்து வைத்துக்கொண்டார். ஒரு தெருவும் இரண்டாவது முறை வரவில்லை. தற்செயலாகப் பக்கக் கண்ணாடியைப் பார்த்தார். மணிக்கூண்டு மின்கம்பியில் இடிக்காமல் தோளைக் குறுக்கிக்கொண்டு தெருமுனையில் திரும்பியது. சிவப்பு விளக்கில் நின்றது. கைவண்டிக்காரர் ஒருவர் எரிச்சலோடு ஒதுங்கி வழிவிட்டார்.

ஓட்டுநரும் பார்த்தார். வழிகாட்டி அம்மாள் அவர் சொன்னதை மொழிபெயர்த்தாள்: “போன மாசம் வக்கீலுக்குப் படிக்கிற பிள்ளைங்க வந்தாங்களாம். அப்ப அசையவே இல்லையாம்.”

அதோடு சந்தேகத்தின் சந்தேகம் அம்மாளை விட்டு மணிக்கூண்டின் மேல் விழுந்தது. நம்மிடம் இதற்கு என்ன வேலை? ஏழாவது இடமான பூங்கா வாசலில் வண்டி நின்றதும் இறங்கி, கூண்டை மூன்று சுற்று சுற்றி வந்தார். வடக்குப் பக்க அடிச்சுவரை விரல் முட்டியால் தட்டினார். பொத்தென்று கேட்டது. எவனோ பழைய சுண்ணாம்புக் கட்டின் மேல் சிமெண்டை அப்பியிருந்தான். உள்ளே இறங்கிய தண்ணீர் வெளியே வர வழியில்லாமல், செங்கல் செதில் செதிலாக உரிந்துகொண்டிருந்தது.

“கைய வெக்காதீங்க,” என்று கூட வந்திருந்த மாஸ்டர் பதறினார். “அடுத்த நாட்டுக் கட்டடம். நாளைக்கு நாமதான் இடிச்சோம்னு கேஸ் போடுவான்.”

“அது இங்க வந்தது எதுக்குன்னு நெனைக்கிறீங்க மாஸ்டர்? படம் எடுத்துக்கவா?”

அறையில் எதை வைத்துவிட்டு வந்தாலும் சாந்துக் கரண்டியை அந்நிய ஊரில் விட்டுவர ஒருவனுக்கும் மனம் வந்திருக்கவில்லை. யார் யாரை நம்புவது? ஆகவே பதினேழு பைகளிலிருந்தும் பதினேழு கரண்டிகள் வெளியே வந்தன. ஒன்றரை மணி நேரத்தில் வடக்குப் பக்க அடிச்சுவரின் சிமெண்டு முழுவதையும் பெயர்த்துவிட்டார்கள். உள்ளே தேங்கியிருந்த தண்ணீர் ஒரு குளியல் தொட்டி அளவுக்கு வடிந்தது. கூண்டு அசையாமல் நின்றது. நாளை சுண்ணாம்பு வாங்கி வந்து பூசிவிடுவதாக முடிவானது. மாஸ்டர் கடைசி வரை ரோட்டைப் பார்த்துக் காவல் நின்றார்.

இவர்கள் மொழியிலும் அச்சடித்திருந்த தாளை அம்மாள் கொடுத்தாள். சந்தேகம் மூன்று முறை வாசித்தார்.

“கூண்டு பின்னாடி வருதுன்னு ஏம்மா முன்னாடியே சொல்லல?”

“சொன்னா நம்பியிருப்பீங்களா?”

“மாட்டேன்,” என்றார். முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். குறைகள் என்ற கட்டத்தைக் காலியாக விட அவருக்குப் பிடிக்கவில்லை. காலி இடத்தில் பிறகு யார் வேண்டுமானாலும் எதையாவது எழுதலாம். நாக்கைக் கடித்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாக நிரப்பினார்.

மறுநாள் காலை அலுவலகக் குமாஸ்தா அந்தக் கட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். மணிக்கூண்டு கூடவே வந்தது, அதனால் தொந்தரவு இல்லை, ஏழு இடமும் பார்த்தோம் என்று அம்மாள் உள்ளபடியே மொழிபெயர்த்தாள். இப்போது எங்கே நிற்கிறது என்றார் குமாஸ்தா. பூங்கா வாசலில் என்றாள். அவர் தாளில் முத்திரை குத்திவிட்டு, ஊர் வரைபடம் போடுகிறவரைக் கூப்பிட்டு மணிக்கூண்டின் இடத்தை மாற்றச் சொன்னார். பிறகு அன்றைய வண்டிக்கு வழிகாட்டியாக அவள் பெயரை எழுதினார்.