ஷீட்டில் ஒரு ஆணி

என் சகலைக்கு வயது முப்பத்திரண்டு. எனக்கு நாற்பத்தெட்டு. நான் இருபத்தாறு வருஷமாக டைல்ஸ் போடுகிறவன். அவனோ, தண்ணீர் கீழே கசியாமல் இருக்கத் தரையில் ரப்பர் மாதிரி ஒரு ஷீட்டை விரித்து ஒட்டுகிறவன். அதன் மேல் என் டைல்ஸ் உட்கார்ந்துவிட்டால் அவன் வேலை யார் கண்ணுக்கும் தெரியாது. அப்படியிருந்தும் மாமியார் வீட்டில் அவனைத்தான் தலையில் தூக்கி வைத்து ஆடினார்கள். எனக்கு வயிறு எரிந்தது. சும்மா சொல்லக்கூடாது, நன்றாகவே எரிந்தது.

மாமியார் வீட்டு மாடிக் குளியலறையைப் புதுப்பிக்கும் வேலை எங்கள் இருவர் கைக்கும் வந்தது. பழைய டைல்ஸை நான் பெயர்த்துக் கொடுத்தேன். அவன் தரையைப் பெருக்கி, துடைத்து, மறுபடி துடைத்து, நீல ஷீட்டை விரித்தான். சுவரோரம் ஒரு அடி மேலே ஏற்றி ஒட்டினான். பிறகு தண்ணீர் போகும் துவாரத்தை அடைத்து, மூன்று விரல் உயரத்துக்குத் தண்ணீர் நிரப்பி, அந்த மட்டத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டான். மறுநாள் காலையில் பார்த்தால் தண்ணீர் கோட்டை விட்டு இறங்கவே இல்லை.

மாமியார் முழங்கால் வலியோடு படியேறி வந்துவிட்டார்.

"பாத்தீங்களா பெரிய மாப்பிள்ளை? ஒரு சொட்டு இறங்கல!" என்று என்னிடமே காட்டினார்.

நான் போட்ட டைல்ஸ் எத்தனையோ வீட்டில் பளபளக்கிறது. அதைப் பார்க்க இந்த அம்மாள் ஒரு நாளும் படியேறியதில்லை. தேங்கிய தண்ணீரைப் பார்க்க வந்துவிட்டார்!

தண்ணீரை வடித்துக் காயவிட்ட பிறகு நான் வேலையில் இறங்கினேன்.

"அண்ணே, லேசர் வெச்சிருக்கேன். மட்டம் அதுவே காட்டும். நூல் எதுக்கு?" என்றான் சகலை.

"நீ டவுசர் போட்டுக்கிட்டுத் திரிஞ்சப்பவே நூல் புடிச்சவன்டா நான்."

சிரித்தான். "சரிண்ணே. ஷீட்டுல மட்டும் எதுவும் குத்திடாம பாத்துக்கங்க. தப்பித்தவறிக் குத்திட்டா ஒரு குரல் குடுங்க. ஒட்டுப் போட அஞ்சு நிமிஷம்தான்."

எனக்கே வேலை சொல்லிக்கொடுக்கிறானாம்! அவன் டீ குடிக்கக் கீழே போனதும் விருட்டென்று நூலை எடுத்தேன். நூல் கட்ட ஆணி வேண்டும். இருபத்தாறு வருஷப் பழக்கத்தில் கை ஆணியை எடுத்தது, சுவரோரத் தரையில் வைத்தது, சுத்தியலால் இரண்டு போட்டது. மூன்றாவது அடிக்கு ஓங்கியபோதுதான் எனக்கு உறைத்தது.

ஆணியைப் பிடுங்கினேன். ஷீட்டில் மிளகளவு ஓட்டை.

ஒரு குரல் கொடுத்தால் போதும். ஆனால் கூப்பிட்டால், "குத்திட்டீங்களாண்ணே" என்று சிரித்துக்கொண்டே வருவான். பின்னாலேயே மாமியாரும் ஏறி வருவார். செத்தாலும் கூப்பிட மாட்டேன் என்று பசையை அள்ளித் தடவி, டைல்ஸை அழுத்தினேன்.

இரண்டாவது மாதம், கீழே சமையலறைக் கூரையில் ஈரம் பூத்து, அடுப்புக்கு நேர் மேலே சொட்ட ஆரம்பித்தது. ஷீட்தான் மோசம் என்று வீடே சொன்னது. மாமியார் முகம் தொங்கிப்போனது. எனக்கு உள்ளூரக் குளுகுளுவென்று இருந்தது.

"கண்டதையும் ஒட்டினா இப்படித்தான்" என்று நானும் என் பங்குக்குச் சொன்னேன்.

என் மனைவி ஒரு படி மேலே போனாள். "உன் வீட்டுக்காரர் என்னத்தடி ஒட்டினார்? என் வீட்டுக்காரர் கைவேலையில இத்தனை வருஷத்துல ஒரு குத்தம் வந்திருக்கா?" என்று தங்கையைப் பிடித்து உலுக்கி எடுத்துவிட்டாள். கொழுந்தியாள் தேம்பித் தேம்பி அழுதாள். அக்காள் தங்கை பேச்சுவார்த்தை அதோடு நின்றது.

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் கீழே காத்திருக்க, சகலையும் நானும் மாடியில் டைல்ஸைப் பெயர்த்தோம். மூலைகளில் ஷீட் சிக்கென்று ஒட்டியிருந்தது. சுவரோரம் நான்காவது கல்லை எடுத்ததும் அவன் கை நின்றது. ஓட்டையை விரலால் தடவிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தான்.

"ஆணியாண்ணே?"

நான் குனிந்து, பெயர்த்த கற்களை அடுக்க ஆரம்பித்தேன். அவன் மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல் ஒட்டுப் போட்டான். கையைத் துடைத்துக்கொண்டு கீழே இறங்கினான்.

"என் தப்புதான் அத்தை. ஓரத்துல சரியா ஒட்டாம விட்டுட்டேன்."

மாமியார் கிழித்துத் தொங்கவிடப்போகிறார் என்று நினைத்தேன். அவரோ அவன் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

"அதுக்கென்ன மாப்பிள்ளை? தப்பைத் தப்புன்னு ஒத்துக்கவும் ஒரு மனசு வேணும். அது எத்தனை பேருக்கு வரும்?"

அடப்பாவி! தண்ணீர் நின்றாலும் அவனுக்குப் பேர், ஒழுகினாலும் அவனுக்குப் பேரா? அதுவும் நான் போட்ட ஓட்டைக்கு! மனசாட்சி உறுத்தியது என்று சொன்னால் அது பொய். பொறாமைதான் பொத்துக்கொண்டு வந்தது.

"அவன் ஒரு தப்பும் பண்ணல! ஓட்டை போட்டது நான். என் ஆணி. தெரிஞ்சேதான் மேல டைல்ஸ் ஒட்டினேன்!"

மாமியார் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"இது தெரிஞ்சும் உங்க மேல போட்டுக்கிட்டீங்களா மாப்பிள்ளை?" என்று அவனிடம் கேட்டார். அவன் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஒத்துக்கொள்ளும் மனசைப் பற்றி இந்த முறை யாரும் பேச்செடுக்கவில்லை.

என் மனைவி மெதுவாக எழுந்து தங்கையிடம் போனாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"நான் இவளை அந்தப் பேச்சுப் பேசினப்போ, நீங்க பக்கத்துலதானே நின்னீங்க?"

ஆமாம். பக்கத்தில்தான் நின்றேன்.