சட்டை போன இடம்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும் என்று திருப்பூர் நெருப்பெரிச்சலில் எங்கள் வீதி முழுக்கத் தெரியும். அந்த விரிப்பை நான் தைக்க ஆரம்பித்ததும் ஒரு கோபத்தில்தான். என் தங்கச்சி அன்புசெல்வி இரண்டாவது பிரசவத்துக்கு என் வீட்டுக்கு வந்திருந்தாள். எங்களுக்கு அம்மா இல்லை. அவளுக்குத் தாய்வீடு என்றால் என் வீடுதான். பட்டப்பகலில் கரண்ட்டை நிறுத்தி மொத்தத் திருப்பூரையும் உட்கார வைத்தார்களே, அந்த வருஷம்.

முதல் பிள்ளை பையன். பிறந்து ஒரு முழு நாள்கூட இருக்கவில்லை. எங்கள் குடும்பத்தில் பிள்ளை பிறக்கும் முன்னால் அதற்கென்று ஒரு முழத் துணி வாங்கமாட்டார்கள். பிறந்ததும் முதலில் யாராவது உடுத்திப் பழசான துணியில்தான் சுற்ற வேண்டும். புதுத்துணி பட்டால் பிள்ளைக்கு ஆகாது என்பார்கள். அதை அப்படியே கேட்டு நடந்தோம். எடுத்து வைத்திருந்த பழைய வேட்டியையும் அவசரத்தில் வீட்டிலேயே விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். கடைசியில் அவன் போனபோது போட்டுவிட ஒரு சட்டை இல்லை. அவன் அப்பன் பூபாலன் அருள்புரத்தில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். எந்தெந்தத் தேசத்துக் குழந்தைகளுக்கெல்லாமோ சட்டை வெட்டுகிறவன். நான் துணி ஓரம் பிசிறாமல் தைக்கிற ஓவர்லாக் மிஷினில் உட்கார்ந்தே இடுப்பொடிந்தவள். எங்கள் பிள்ளை மட்டும் ஆஸ்பத்திரிக்காரர்கள் கொடுத்த பச்சைத் துணியில் வெற்றுடம்பாக மண்ணுக்குப் போனான். அந்தக் கோபம் இன்றைக்கும் தீரவில்லை.

அதனால் இந்தத் தடவை யார் சொன்னாலும் கேட்பதில்லை என்று இருந்தேன். பிள்ளை வரும் முன்னாலேயே அதற்கு ஒரு விரிப்பு தைத்து வைத்துவிட வேண்டும். அன்புசெல்வி வேண்டாம் என்று கையைப் பிடித்தாள். நான் கடையில் போய்ப் புதுத்துணியா வாங்கப்போகிறேன், கட்டிங் வேஸ்ட்தானே, கம்பெனிக்காரனே குப்பை என்று தள்ளியதை யாராவது புதுசு என்பார்களா என்று வாயை அடைத்தேன். வாய்ப்பேச்சில் என்னை யாரும் ஜெயித்ததில்லை. அவள் வயிற்றைத் தடவிக்கொண்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள்.

என் பிழைப்பே அந்த வேஸ்ட்தான். கம்பெனியை விட்டு நின்ற பிறகு, மூட்டையாக வேஸ்ட் வாங்கி, துண்டுகளை ஒட்டுப்போட்டு மிதியடி, மெத்தை உறை, படுக்கை விரிப்பு என்று தைத்துக் கொடுக்கிறேன். துணியை அடுக்கி வைத்துச் சட்டைக்கு வெட்டும்போது சட்டை தனியே போய்விடும். மிஞ்சுவது சட்டையைச் சுற்றி இருந்த துணி. கழுத்து வளைவிலிருந்து பிறை மாதிரி ஒரு துண்டு, அக்குளிலிருந்து ஒரு துண்டு, தோளுக்கு மேலிருந்து ஒரு கீற்று. பூபாலன் மஞ்சள் நிறத்தில் ஒரு மூட்டை கொண்டுவந்து போட்டான். கைக்குழந்தைச் சட்டைக்கு வந்த ஆர்டராம். தொட்டால் வெண்ணெய்.

ஒட்டுவேலை செய்கிறவர்கள் பெரும்பாலும் நடுவிலிருந்து தொடங்கி வெளியே போவார்கள். நான் ஓரத்தில் தொடங்கி உள்ளே வருவேன். அப்போதுதான் விளிம்பு கோணாது. கடைசியில் நடுவில் கையகலம் இடம் மிஞ்சும், ஒரு துண்டை வைத்து மூடிவிட்டால் முடிந்தது. அன்றைக்கும் அப்படித்தான் சுற்றிச் சுற்றி உள்ளே வந்தேன். மத்தியானம் கரண்ட் போனது. மிஷின் நின்றது. எழுந்து விரிப்பை உதறித் தரையில் போட்டுப் பார்த்தேன். நடுவில் மிஞ்சியிருந்த இடம் சட்டை வடிவத்தில் இருந்தது. இரண்டு சின்னக் கை, ஒரு கழுத்து, கீழே நேராக ஒரு விளிம்பு. அன்றைக்குப் பிறந்த பிள்ளைக்குப் போட்டால் சரியாக இருக்கும்.

எனக்குச் சிரிப்புதான் வந்தது. சட்டையைச் சுற்றியிருந்த துண்டுகளைச் சேர்த்தால் சட்டை வடிவம் வராமல் யானையா வரும் என்று நினைத்துக்கொண்டேன். கரண்ட் வந்ததும் அதே மஞ்சளில் ஒரு துண்டை வெட்டி ஓட்டையை அடைத்துத் தைத்தேன்.

மறுநாள் பார்த்தால் அந்தத் துண்டு விரிப்புக்குப் பக்கத்தில் கிடந்தது. நூல் அறுந்திருந்தால் நூலைத் திட்டியிருப்பேன். நூல் அறுந்திருக்கவில்லை. துண்டின் விளிம்பில் ஓவர்லாக் தையல் சங்கிலியாக அப்படியே இருந்தது. ஓட்டையின் விளிம்பிலும் அப்படியே இருந்தது. பிள்ளையின் தலைவழியாகச் சட்டையைக் கழற்றிப் போட்டது போல இரண்டும் தனித்தனியாகக் கிடந்தன. மிஷினைத் திட்டினேன், ஊசியை மாற்றினேன், திரும்பத் தைக்க உட்கார்ந்தேன். அதே துண்டு பற்றவில்லை. ஓட்டை பெரிதாகியிருந்தது.

பனியன் துணி இழுபடும், அதனால் பெரிதாகியிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இழுபட்டால் கோணல்மாணலாக இழுபடும். இது கை நீண்டு, உடம்பு நீண்டு, கழுத்தும் அதற்கேற்ற அளவில் அகன்றிருந்தது. வேறு துண்டு வைத்துத் தைத்தேன். அதுவும் கழன்று கிடந்தது. ஓட்டை இன்னும் வளர்ந்திருந்தது. தடவிப் பார்த்தேன். விளிம்பு லேசாக வெதுவெதுப்பாகவும் ஈரமாகவும் இருந்தது. பிள்ளை தூங்கி எழுந்த இடம் அப்படித்தான் இருக்கும். வாசனையும் வந்தது. பால் கக்கிய வாசனை. எங்கள் வீட்டில் அப்போது பால் குடிக்கிற பிள்ளை ஏது?

பக்கத்து லைன் வீட்டில் சீனியம்மாள் இருந்தாள். விருதுநகர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவள், வேஸ்ட் குடோனில் துணியை நிறம் பிரிக்கிற வேலை. அவள் வந்தபோது விரிப்பு தரையில் கிடந்தது. அதை மிதிக்காமல் சுவரோரமாகச் சுற்றி வந்து உட்கார்ந்தாள். யாருக்கு என்று கேட்டாள். சொன்னேன். பழைய துணி மாதிரிதான், வேஸ்ட் என்றும் சொன்னேன். அவள் முகம் மாறிவிட்டது.

"யக்கா, பழசுங்கிறது ஒரு உசுரு உடுத்திக் கழிச்சது. இது ஒரு மேலுலயும் படாத துணி. போட்டுக்கிற ஒரு ஆளத் தேடிக்கிட்டு இருக்கும். பிள்ளத்தாச்சி இருக்கிற வீட்டுல வைக்காதீக."

நான் அவளை ஒரு பாட்டம் திட்டி அனுப்பினேன். அவள் போன பிறகு கதவைச் சாத்திவிட்டு ஓட்டையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். வீதியில் சென்னியப்பன் பேரன், இரண்டு வயசுப் பிள்ளை, ஜட்டியில்லாமல் பனியன் மட்டும் போட்டுக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தான். அந்தப் பனியன் அளவுதான் இந்த ஓட்டையும். எங்கள் பையன் இருந்திருந்தால் அவனுக்கும் அந்த வயசுதான்.

வந்திருப்பது யார் என்று தெரிந்துவிட்டது. எதற்கு வந்திருக்கிறான் என்று தெரியவில்லை. அதுதான் பயம். தனியாகப் போனவன் துணைக்கு இன்னொன்றைக் கூட்டிக்கொண்டு போக வந்திருந்தால்? உள்ளே அன்புசெல்வி மூச்சு வாங்கிக்கொண்டு படுத்திருந்தாள். இந்தப் பிள்ளையும் கைவிட்டுப் போனால் அவளும் இருக்கமாட்டாள் என்று எனக்குத் தெரியும்.

விரிப்பைச் சுருட்டிப் பையில் திணித்து, சீனியம்மாள் வேலை செய்கிற குடோனுக்கு எடுத்துப் போனேன். அங்கே வேஸ்ட்டைப் பஞ்சாக அடிக்க மூட்டை கட்டி வெளியூருக்கு அனுப்புவார்கள். மஞ்சள் குவியலில் தூக்கி எறிந்தேன். பெண்கள் பேசிச் சிரித்துக்கொண்டு பிரித்துக்கொண்டிருந்தார்கள். யாரும் என்னைக் கவனிக்கவில்லை. வாசல் கேட்டு வரை வந்துவிட்டேன். பின்னால் ஒரு சத்தமும் இல்லை, யாரும் கூப்பிடவும் இல்லை. கூப்பிட்டிருந்தால்கூட ஓடியிருப்பேன். கூப்பிடாமல் இருந்ததுதான் என்னால் தாங்கமுடியவில்லை. சட்டையில்லாமல் ஒரு தடவை அனுப்பினோம், இப்போது இரண்டாம் தடவையும் அனுப்புகிறோமே. திரும்பி ஓடினேன். மஞ்சள் மலையில் எங்கே தேடுவது என்று திகைத்தேன். குவியலில் ஒரு இடம் மட்டும் கொஞ்சம் குழிந்திருந்தது. கையை விட்டேன். இருந்தது. எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டேன். போகும்போது இருந்ததைவிடக் கனமாக இருந்தது.

"இத்தனை சேட்டை ஆகாது உனக்கு" என்று வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தேன். பஸ்ஸில் ஒருத்தி என்னை ஒருமாதிரி பார்த்தாள்.

வீட்டுக்கு வந்து, ஒட்டுப்போடுவதை விட்டுவிட்டேன். ஓட்டை அளவுக்கு ஒரு சட்டையே தைத்தேன். முன்னும் பின்னும், கை, கழுத்துப்பட்டி எல்லாம் வைத்து ஒழுங்கான சட்டை. துணிக்கு வேஸ்ட் மூட்டையைத் தொடவில்லை. இங்கே வந்து தங்கிப் போகும் பூபாலன் கொடியில் காயப்போட்டிருந்த பழைய பனியன் ஒன்றை எடுத்து வெட்டினேன். அப்பன் உடம்பில் நைந்தது பிள்ளைக்கு ஆகும். பிசிறு வெட்டி, உள்தையல் உறுத்தாமல் பார்த்து, விரிப்பு நடுவில் அந்த இடத்தில் வைத்தேன். தைக்கவில்லை. சும்மா வைத்தேன். "போட்டுக்கோ கண்ணு" என்றேன். அதைச் சொல்லும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது.

இந்தத் தடவை அது கழன்று விழவில்லை. விரிப்பைத் தூக்கி உதறினேன். சட்டை விளிம்போடு விளிம்பு சேர்ந்து நின்றது. எங்கேயும் தையல் தெரியவில்லை. அதற்கப்புறம் அது நாளுக்கு நாள் பழசாகிக்கொண்டு வந்தது. கழுத்துப்பட்டி சப்பிச் சப்பித் தளர்ந்த மாதிரி ஆனது. முழங்கையில் துணி மெலிந்தது. வயிற்றுப் பக்கம் சோறு சிந்திய கறை ஒன்று வந்தது. துவைத்தேன், போகவில்லை. நான் அதைப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டினேன். சாவி என் இடுப்பில்தான் இருந்தது. திறந்து பார்க்கும்போதெல்லாம் இன்னும் கொஞ்சம் நைந்திருந்தது.

அன்புசெல்விக்குப் பெண்பிள்ளை பிறந்தது. மூன்று கிலோ, நல்ல குரல். ஆஸ்பத்திரியில் நான் மறக்காமல் கொண்டுபோன என் பழைய நூல்சேலையில் சுற்றினோம். அழுகை அடங்கவில்லை. டாக்டரம்மா பார்த்துவிட்டு ஒரு குறையும் இல்லை என்றார். வீட்டுக்கு வந்தும் அழுதது. பாலைக் கக்கியது. தொட்டிலில் போட்டால் விறைத்தது. மார்போடு வைத்தால் உதறியது. முகம் கருநீலமாகும் வரை மூச்சுப் பிடித்து அழுதது. மத்தியானம் கரண்ட் போய், ஃபேன் நின்று, வீட்டில் அந்தக் குரல் ஒன்றுதான் கேட்டுக்கொண்டிருந்தது. பூபாலன் ஆட்டோ கூட்டிவர ஓடினான். நான் கும்பிடாத சாமியில்லை.

அப்போது அன்புசெல்வி பிள்ளையை என் கையில் கொடுத்துவிட்டு, பீரோவைத் திறக்கச் சொன்னாள். அந்தச் சட்டையைப் பற்றி அவளிடம் நான் ஒரு வார்த்தை சொன்னதில்லை. காட்டியதும் இல்லை.

"வேண்டாம்டி. அது நல்லதில்ல. புதுத்துணி" என்றேன்.

"புதுசில்லீங்க்கா" என்றாள். "அவன் போட்டுக் கழிச்சதுங்க. நெதமும் அவனப் பாத்துட்டுத்தானுங்க இருந்தேன். அண்ணன் போட்டது தங்கச்சிக்கு ஆகுமுங்க்கா."

பிள்ளையை அவளிடமே திரும்பக் கொடுத்துவிட்டு இடுப்பிலிருந்து சாவியை எடுத்தேன். திறந்தேன். எடுத்து விரித்தேன். தூங்குகிற பிள்ளையைத் தூக்குவது போலக் கனத்தது. அந்தச் சட்டையின் மேல், நெஞ்சுப் பக்கத்தில், அன்புசெல்வி பிள்ளையைப் படுக்க வைத்தாள். அழுகை நின்றது. ஒரேயடியாக நின்றுவிட்டது. குனிந்து மூக்கில் விரல் வைத்துப் பார்த்தேன். மூச்சு சீராக வந்தது. கருநீலம் போய் முகம் சிவந்து வந்தது.

அன்புசெல்வி சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். பிறந்து இன்னும் தலை நிற்காத பிள்ளை அது. யாரோ மெதுவாகத் தள்ளியது போல மெல்ல மெல்ல விரிப்பின் ஓரத்துக்கு நகர ஆரம்பித்தது. இன்னும் கொஞ்சம் போனால் வெறுந்தரை. சட்டை இருந்த இடத்தில் துணி மேடாக, மூச்சு விடுகிற மாதிரி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

பயம் எங்கே போனதென்று தெரியவில்லை. எனக்குக் கோபம்தான் வந்தது.

"டேய்" என்றேன். "ஓரமாப் படுறா. தங்கச்சிக்கு எடம் உடு."

அப்புறம் அந்த மேடு முனகாமல், முரண்டு பிடிக்காமல், விரிப்பின் அந்தப் பக்கமாக ஒதுங்கிப் படுத்துக்கொண்டது.