வெந்நீர் அடுப்பில் போன தாள்கள்

எந்த மாடு எந்த மாசம் சினை பிடித்தது, எந்தத் தென்னைக்கு எப்போது உரம் வைத்தது என்று காளிச்சாமியைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பிசகாமல் சொல்வார். கேரள எல்லையோரம் இருக்கும் கோவிந்தாபுரத்தில் அதற்காகவே அவருக்கு ஒரு பேர் உண்டு. அப்பேர்ப்பட்ட மனிதர் ஊர் சுகாதார நிலையத்தில் டாக்டர் நிமியின் மேசை முன்னால் நின்றுகொண்டு, தன் பெண்டாட்டி ஐந்து வருசம் தினமும் விழுங்கிய மாத்திரையின் பேர் தெரியாமல் பேந்தப் பேந்த விழித்துக்கொண்டிருந்தார்.

"வெள்ளையா, சின்னதா இருக்குமுங்க டாக்டரம்மா."

"வெள்ளையா சின்னதா இங்கே நூறு மாத்திரை உண்டு," என்றார் டாக்டர் நிமி. மலையாளம் தொட்ட தமிழ். வருகிறவர்களில் பாதிப்பேர் தமிழர்கள் என்பதால் கற்றுக்கொண்டது. "எப்போ நிறுத்தினது?"

"ரெண்டு வருசம் ஆச்சுங்க."

"யார் நிறுத்தச் சொன்னது?"

காளிச்சாமி பெண்டாட்டி படுத்திருந்த பக்கம் திரும்பினார்.

அன்று காலை பால் கறக்க உட்கார்ந்த பொன்னாத்தாளால் எழ முடியவில்லை. வாயுப் பிடிப்பு என்று நினைத்து இவர் இடுப்பில் எண்ணெயை வைத்து ஓர் அழுத்து அழுத்தினார். அவள் போட்ட சத்தத்தில் கன்றுக்குட்டி கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. ஆட்டோவில் தூக்கிப்போட்டு இங்கே கொண்டுவந்தார். திரைக்குப் பின்னால் பரிசோதித்த டாக்டர் வெளியே வந்தபோது முகம் மாறியிருந்தது. இடது பக்கம் மார்பு இருந்த இடத்தில் நீளமான தழும்பு. ஏழு வருசத்துக்கு முன்னால் கோயம்புத்தூரில் எடுத்தது. அதை வந்தவுடன் சொல்ல வேண்டும் என்றுகூட இந்த மனிதருக்குத் தோன்றவில்லை. முடிந்துபோன சமாச்சாரம்தானே என்று இருந்துவிட்டார். பக்கத்து டவுன் கொல்லங்கோட்டுக்குப் போய் எக்ஸ்ரே எடுத்து வந்தபோது மணி பன்னிரண்டு.

டாக்டர் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். "இடுப்பெலும்பில் இந்த இடம் எனக்குப் பிடிக்கலை. அந்த நோய் எலும்புக்கு வந்திருக்குமோன்னு பயமா இருக்கு. இன்னைக்கே கோயம்புத்தூர் போகணும். அதுக்கு முன்னாடி எனக்கு அந்தப் பழைய ஃபைல் வேணும். என்ன வகை, என்ன மருந்து, ரேடியேஷன் கரண்ட் வச்சாங்களா, எல்லாம் தெரியணும். வீட்டில் இருக்குமில்லையா?"

"இல்லீங்க."

"தொலைஞ்சுபோச்சா?"

"எரிச்சுப்போட்டனுங்க," என்றார் காளிச்சாமி.

டாக்டர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை.

சுவரோரக் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்த பொன்னாத்தாள் மெதுவாகச் சொன்னாள்: "கோயம்புத்தூர் ஆஸ்பத்திரில எனக்குப் போட்ட நம்பரு நாலு, ஒண்ணு, ஏழு, ஏழு, சைபர், ரெண்டுங்க. அதச் சொன்னா எடுத்துக் குடுப்பாங்க."

காளிச்சாமி திரும்பி அவளைப் பார்த்தார். ரேஷன் கார்டு எண்ணைக்கூட இவரிடம் கேட்கிறவள் அவள். டாக்டர் உடனே போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனார்.

ஃபைலை எடுத்து அனுப்ப அரை மணி நேரம் ஆகும் என்றார்கள். அந்த அரை மணி நேரமும் காளிச்சாமி கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து தரையைப் பார்த்தார். ஐந்து வருசம் முடிந்து பெரிய டாக்டர் கைகுலுக்கி அனுப்பிய மறுநாளே பழனிக்குப் போய் மொட்டை போட்டுவிட்டு வந்தார்கள். வீட்டுக்கு வந்ததும் இவர் பீரோவைத் திறந்தார். கையகலக் கனத்தில் அந்த நீல ஃபைல். அதைப் பார்க்கும்போதெல்லாம் வாந்தி, முடி கொட்டியது, ராத்திரி பஸ், எல்லாம் கண்முன்னால் வரும். பிரித்து, ஒவ்வொரு தாளாக வெந்நீர் அடுப்பில் வைத்தார். அண்டா தண்ணீர் கொதித்தது. அந்தத் தண்ணீரில் பொன்னாத்தாளைக் குளிக்கச் சொன்னார். "இத்தோட தீந்துச்சு புள்ள. இனி நம்மூட்டுல அந்தப் பேச்சே வரக்கூடாது," என்றார். எவ்வளவு சந்தோஷமாகச் சொன்னார்! கடைசித் தாளில் இங்கிலீஷில் என்னவோ எழுதியிருந்தது. யாரிடமாவது கொடுத்துப் படிக்கச் சொல்லியிருக்கலாம். அதுவும் நன்றாகத்தான் எரிந்தது.

டாக்டர் திரும்பி வந்தார். கடைசித் தாள்தான் முதலில் போனில் வந்திருந்தது. நின்றபடியே தமிழில் சொன்னார்.

"மாத்திரை இன்னும் ஐந்து வருஷம், மொத்தம் பத்து வருஷம் சாப்பிடணும். இனி உங்க ஊர் டாக்டரிடம் ஆறு மாசத்துக்கு ஒரு தடவை காட்டணும். இந்தக் கடிதத்தை அவரிடம் கொடுக்கணும். எலும்பில் வலி வந்து ரெண்டு வாரத்தில் போகலைன்னா ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது." போனைத் தாழ்த்தினார். "இந்த ஊர் டாக்டர் நான்தான். ரெண்டு வருஷமா இங்கேதான் உட்கார்ந்திருக்கேன். அம்மா, இந்த வலி எத்தனை நாளா?"

பொன்னாத்தாள் புருசனைப் பார்த்தாள். பிறகு சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

"எட்டு மாசமாச்சுங்க."

எட்டு மாசம். அந்த எட்டு மாசமும் காளிச்சாமிக்கு மூன்று வேளையும் சுடச்சுடச் சோறு வந்தது. ஒருநாளும் அவள் நடையை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமல்ல பொன்னா?" என்றார் காளிச்சாமி.

"எப்பிடீங்க சொல்றது? அந்தப் பேச்சே வரக்கூடாதுன்னு சொன்னீங்கல்லோ. அன்னைக்கு அடுப்புக்கிட்ட உக்காந்து நீங்க சிரிச்சீங்க. அஞ்சு வருசத்துல உங்க மூஞ்சில அந்தச் சிரிப்ப நான் பாக்கவே இல்லீங்க. வலிக்குதுன்னு சொல்லி அத நானே எப்பிடீங்க கெடுப்பேன்?"

அவர் அவள் பாதத்தைப் பிடித்துக்கொண்டு அழுதார். வெளியே மருந்து வாங்க நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். டாக்டர் போய்க் கதவைச் சாத்தினார். "மருந்து இல்லாமல் இல்லை. போய்ச் சேரட்டும் முதலில்," என்றார். நிச்சயமாக எதையும் அவர் சொல்லவில்லை. சொல்ல முடியாது என்பது காளிச்சாமிக்கும் புரிந்தது.

ஆம்புலன்ஸ் வந்தது. அதற்குள் ஃபைல் முழுவதும் வந்துசேர, டாக்டர் அதை அச்செடுத்து, தன் கடிதத்தையும் மேலே வைத்து, உறையில் போட்டுக் காளிச்சாமியிடம் நீட்டினார். இரண்டு கையாலும் வாங்கி நெஞ்சோடு சேர்த்து அணைத்துக்கொண்டார். வண்டியில் ஏறி உட்கார்ந்த பிறகும் அந்தப் பிடி தளரவில்லை.

எல்லை தாண்டும்போது பொன்னாத்தாள் கையை நீட்டினாள். தண்ணீர் கேட்கிறாள் என்று நினைத்து அவர் பாட்டிலைத் தேடினார்.

"தண்ணி வேண்டாமுங்க," என்றாள். "அந்தக் கவர எங்கைல குடுத்துருங்க. இனி அது எங்கிட்டயே இருக்கட்டும்."

காளிச்சாமி கொடுத்துவிட்டார்.